‘மா ஜோலி’: முகம் தராத ஓர் உருவப்படம்

பாப்லோ பிக்காசோ 1911-12 குளிர்காலத்தில் பாரிஸில் வரைந்த ஓர் ஓவியத்தை இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன். பெயர் ‘மா ஜோலி’. தமிழில் ‘என் அழகி’ எனலாம். கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், ஒரு மீட்டர் உயரம், ஏறக்குறைய 65 செ.மீ. அகலம். 1945 முதல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகத்தைத் தொடங்கிய மூன்று பெண்களில் ஒருவரான லில்லி பிளிஸ் விட்டுச்சென்ற சேகரிப்பின் வழியாக அங்கே வந்து சேர்ந்தது.

கித்தாரோ, பலகைமேல் நரம்பு கட்டிய ஸிதர் என்ற கருவியோ வாசிக்கும் ஒரு பெண் அதில் இருக்கிறாள் என்று கலை வரலாற்றுப் புத்தகங்கள் சொல்கின்றன. முதல்முறை பார்ப்பவர் கண்ணில் அவள் படமாட்டாள். பழுப்பும் சாம்பலுமாகச் சின்னச் சின்னத் தளங்கள், அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் கருங்கோடுகள், நடுவில் அடர்ந்து ஓரங்களில் கரைந்துபோகும் ஒரு கூம்பு. அவ்வளவுதான் தெரியும். ‘நமக்குப் புரியாத சமாச்சாரம்’ என்று அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறவர்களே அதிகம்.

இது ஒரு பெண்ணின் உருவப்படம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அப்படிச் சொன்ன பிறகு அதை எப்படிப் படிப்பது? முகத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் புரிதல் என்ற எண்ணத்தோடு இந்தப் படத்தை அணுகினால் ஏமாற்றமே மிஞ்சும் என்பது என் கருத்து. அந்தப் பெண்ணின் தோற்றத்தைப் பற்றி இந்த ஓவியம் ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை. ஆனால் அது ஒருவரை நோக்கிப் பேசுகிறது, ஊர் பார்க்கும்படியும் ஊருக்குத் தெரியாதபடியும் பேசுகிறது. அதனால்தான் அதை உருவப்படம் என்று ஏற்கிறேன்.

கீழிருந்து மேலே

இந்த ஓவியத்தைக் கீழிருந்து பார்க்கத் தொடங்குவது நல்லது. அடிப்பகுதியில் பெரிய எழுத்துகளில் ‘மா ஜோலி’ என்று எழுதியிருக்கிறது. படம் முழுவதிலும் ஐயமில்லாமல் அடையாளம் காணக்கூடியது இது ஒன்றுதான். பழைய உருவப்படங்களின் சட்டத்தில் பெயர்ப்பலகை பொருத்தும் இடம் எதுவோ, அங்கேதான் இந்தச் சொற்கள் இருக்கின்றன. பக்கத்தில் இசைக் குறிப்புகளில் வரும் ட்ரெபிள் கிளெஃப், சுருண்டு எழும் அந்த வளைகோடு. ஆக, கண்ணுக்கு முதலில் கிடைப்பது ஒரு பெயர் போன்ற ஒன்றும், இசை என்ற குறிப்பும்.

அப்புறம் சற்று மேலே, நடுப்பகுதியில், முக்கோணமாக ஓர் இடம். அதில் செங்குத்தாகச் சில கோடுகள் நெருக்கமாக ஓடுகின்றன. நரம்புகள். நரம்புகளுக்குக் கீழே நான்கு விரல்களை எண்ணிவிடலாம். இந்த இடத்தில் வந்ததும் படம் சட்டென்று திறந்துகொள்ளும். விரல் இருந்தால் கை இருக்க வேண்டும். கை இருந்தால் அது எங்கோ மடங்க வேண்டும். வலப்பக்கம் கண்ணை ஓட்டினால் ஒரு முழங்கை துருத்திக்கொண்டு நிற்கிறது. அங்கிருந்து மேலே போனால் தோள் இருக்க வேண்டிய இடம், அதற்கும் மேலே தலை இருக்க வேண்டிய இடம். அங்கே தலைக்கு உரிய எதுவும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த, பாதி ஊடுருவிப் பார்க்கத்தக்க தளங்களுக்கு நடுவே, புன்னகை என்று சொல்லத்தக்க ஒரு சின்ன வளைவு மட்டும் மிதக்கிறது. அருங்காட்சியகத்தின் விளக்கமே அதை உறுதியாகச் சொல்லாமல், புன்னகையாக இருக்கலாம் என்றுதான் சொல்கிறது.

கீழே உறுதி, மேலே போகப் போக ஐயம். எழுத்தை எல்லாரும் படிக்கலாம், விரல்களைக் கொஞ்சம் பொறுமை இருந்தால் காணலாம், முகத்தை யாராலும் காண முடியாது. வழக்கமான உருவப்படத்தில் முகம்தான் மிகத் தெளிவாக இருக்கும். கைகளையும் பின்னணியையும் ஓவியர் கொஞ்சம் மேலோட்டமாக விடுவது உண்டு. பிக்காசோ அந்த வரிசையை முழுக்கத் தலைகீழாக்கியிருக்கிறார். இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தூரிகை வேலையையும் நெருங்கிப் பார்க்க வேண்டும். கொஞ்ச தூரத்தில் மங்கலாகத் தெரியும் பரப்பு, கிட்டே போனால் சின்னச் சின்னக் கிடைத் தீற்றல்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு தளமும் ஒரு விளிம்பில் கூர்மையாக முடியும், எதிர் விளிம்பில் அடுத்த தளத்துக்குள் கசிந்துவிடும். அதனால் எது முன்னே, எது பின்னே என்று முடிவு செய்ய முடியாது. ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றும் சொல்ல முடியாது. ஒரு தளத்தில் இடமிருந்து, பக்கத்துத் தளத்தில் வலமிருந்து. தளத்தைத் தளத்தோடு திறந்துவிடும் இந்த உத்தியைப் பிக்காசோவும் அவருடைய ஓவிய நண்பர் ஜார்ஜ் பிராக்கும் முந்தைய தலைமுறை பிரெஞ்சு ஓவியர் செசானிடமிருந்து எடுத்துக்கொண்டு, 1909 முதல் 1912 வரை அதன் எல்லைவரை கொண்டுபோனார்கள். உருவத்தை உடைத்துத் தளங்களாகக் காட்டும் கியூபிசப் பாணியின் அந்தக் கட்டத்துக்குப் பகுப்பாய்வுக் கியூபிசம் என்று பெயர்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டில் என்ன நடந்தது

‘மா ஜோலி’யை மட்டும் தனியாகப் பார்த்தால் அது எங்கிருந்தோ குதித்தது போல இருக்கும். அதே அருங்காட்சியகத்தில் பிக்காசோ 1910 வசந்தத்தில் வரைந்த ‘மாண்டலின் வைத்திருக்கும் பெண்’ இருக்கிறது. மாதிரியாக அமர்ந்தவர் ஃபானி தெல்லியே என்ற தொழில்முறை மாடல். இரண்டு படங்களும் உயரத்தில் ஏறக்குறைய ஒன்று. இரண்டிலும் நரம்புக் கருவி, வாசிக்கும் பெண். 1910 படத்தில் தலை ஒரு கட்டிபோலச் செதுக்கப்பட்டிருந்தாலும் தலைதான் என்று தெரியும். கூந்தல் தெரியும், மார்பு தெரியும், மடங்கிய கை தெரியும், மாண்டலினின் வட்டத் துளை தெரியும். திரும்பத் திரும்ப வந்து அமர்ந்து அலுத்துப்போய் அந்தப் பெண் வருவதை நிறுத்திவிட்டதால்தான் படம் இந்த நிலையில் நின்றது என்று சொல்லப்படுகிறது. அவர் இன்னும் சில நாள் வந்திருந்தால் படமும் இன்னும் கரைந்திருக்குமோ என்னவோ.

இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவருக்கு ‘மா ஜோலி’யின் முழங்கை எங்கிருந்து வந்தது என்று புரியும். கியூபிசப் படங்களைப் படிக்கச் சிறந்த வழி விளக்க நூல் இல்லை, முந்தைய ஆண்டுப் படம். உருவம் படிப்படியாக எதை இழந்தது, எதைக் கடைசிவரை வைத்துக்கொண்டது என்பது அதில்தான் தெரிகிறது. இழந்தவை தோல், கூந்தல், முகம். தங்கியவை விரல், முழங்கை, நரம்பு: வாசிப்பு என்ற செயலுக்கு வேண்டியவை.

உருவம் இவ்வளவு கரைந்தபோது பிக்காசோ முழு அரூபத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. எதிலிருந்தாவது தொடங்கித்தான் ஆக வேண்டும், அதன் தடயங்களை அப்புறம் நீக்கிக்கொள்ளலாம் என்ற பொருள்பட 1935இல் அவர் பேசியிருக்கிறார். 1911இல் அவர் கண்ட வழி எழுத்து. படத்துக்குள் அச்செழுத்துகளைக் கொண்டுவரும் பழக்கத்தை பிராக் அதே 1911இல் தொடங்கிவைத்திருந்தார். எழுத்து தட்டையானது, அதற்கு முன்பின் கிடையாது, நிழல் கிடையாது. ஆழம் எது, மேற்பரப்பு எது என்று குழம்பிக்கிடக்கும் கேன்வாஸில் அது ஒரு பிடி.

பாட்டின் பல்லவி

அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்த ஆய்வின் உயிர் இருக்கிறது. அன்றைய பாரிஸ் மியூசிக் ஹால்களில் ஹாரி ஃப்ராக்சன் பாடிப் புகழ்பெற்ற ஒரு பாட்டின் பல்லவியில் ‘மானோன், என் அழகியே’ என்று வரும். ஊரே முணுமுணுக்கும் சினிமாப் பாட்டின் ஒரு சொல்லை நாம் யாரையோ மனதில் வைத்துக்கொண்டு சத்தமாகப் பாடுவதில்லையா, அப்படித்தான். கேட்பவர்களுக்கு அது பாட்டு. ஒருவருக்கு மட்டும் அழைப்பு.

அழைக்கப்பட்டவர் ஏவா கூவெல். 1885இல் பிறந்தவர், மார்செல் அம்பேர் என்ற பெயரில் பாரிஸில் வாழ்ந்தவர். 1911 இலையுதிர் காலத்தில் பிக்காசோவுக்கு அறிமுகமானபோது அவர் ஓவியர் லூயி மார்குஸியுடன் இருந்தார். பிக்காசோவோ பல ஆண்டுகளாக ஃபெர்னாந்த் ஒலிவியேயுடன் வாழ்ந்துகொண்டிருந்தார். இரண்டு வீடுகளிலும் விஷயம் தெரியாது. வெளிப்படையாகப் பெயரை எழுத முடியாத நிலையில் ஒரு பாட்டு கைகொடுத்தது. நம் அகப்பாடல் மரபில் தலைவியின் பெயரைச் சொல்லாமலே அவளைப் பற்றி எல்லாம் சொல்லிவிடுகிற வழக்கம் எனக்கு இங்கே நினைவுக்கு வராமல் இல்லை. அங்கே அது இலக்கண விதி, இங்கே சூழ்நிலை நெருக்கடி, காரணங்கள் வேறு.

இந்தச் சங்கேதம் அன்றே எப்படி வேலை செய்தது என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. எழுத்தாளர் ஜெர்ட்ரூட் ஸ்டைன் 1933இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பு நூலில் சொல்வது: ஒருநாள் பிக்காசோவைப் பார்க்கப் போனபோது அவர் ஸ்டூடியோவில் இல்லை, வேடிக்கையாகத் தன் விசிட்டிங் கார்டை அங்கே வைத்துவிட்டு வந்தார். சில நாள் கழித்துப் போனால், பிக்காசோ வரைந்துகொண்டிருந்த படத்தில் ‘மா ஜோலி’ என்று எழுதியிருந்தது, கீழ் மூலையில் அந்த விசிட்டிங் கார்டையும் வரைந்திருந்தார். திரும்பி வரும் வழியில், ஃபெர்னாந்த் நிச்சயமாக ‘மா ஜோலி’ இல்லை, யாராக இருக்கும் என்று ஸ்டைன் கேட்டார். சில நாளில் பதில் தெரிந்துவிட்டது: பிக்காசோ ஏவாவுடன் புறப்பட்டுப் போயிருந்தார்.

ஸ்டைன் பார்த்த படம் நாம் பேசும் உருவப்படம் இல்லை. அது ‘கட்டடக் கலைஞரின் மேசை’ என்ற முட்டை வடிவ ஓவியம், 1912 தொடக்கத்தில் வரைந்தது. அதுவும் இன்று அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அதில் பெண் இல்லை, மேசைமேல் சில பொருட்கள்தான். அதிலும் ‘மா ஜோலி’ என்ற அதே சொற்கள்.

பல விளக்கங்கள் இந்தச் செய்தியைச் சுவாரசியமான துணுக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகின்றன. எனக்கு இதுதான் வழக்கின் முக்கியச் சாட்சி. சொற்கள் உருவத்துக்கான பெயர்ச்சீட்டு என்றால் உருவம் இல்லாத மேசையில் அவற்றுக்கு என்ன வேலை? ‘இதோ இருப்பவள் இவள்’ என்று காட்டுவதற்காக அவை எழுதப்படவில்லை. எதை வரைந்தாலும் அவளை நினைத்தே வரைகிறேன் என்று அவளிடமே சொல்வதற்காக எழுதப்பட்டவை. 1912 ஜூனில் தன் ஓவியங்களை விற்றுவந்த வியாபாரி கான்வைலருக்கு எழுதிய கடிதத்தில் பிக்காசோ இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்: அவளை மிகவும் நேசிக்கிறேன், அதை என் ஓவியங்களில் எழுதுவேன் என்று. எழுதவும் செய்தார். அந்த ஆண்டே ஒரு வயலின் படத்தில் ‘ஜோலி ஏவா’ என்றும், ஒரு கித்தார் படத்தில் ஏவாவை நேசிக்கிறேன் என்றும் சொற்கள் வந்துவிட்டன. ஃபெர்னாந்துடனான உறவு முறிந்த பிறகு பாட்டின் மறைப்பு தேவைப்படவில்லை.

மிகையாகப் படிக்கும் ஆசை

வாழ்க்கைக் கதை தெரிந்ததும் அதைப் படம் முழுக்கப் பூசிவிடும் ஆசை வரும். இங்கே கவனம் வேண்டும். ஏவா 1915 டிசம்பரில், முப்பது வயதில் இறந்துபோனார். காசநோய் என்கிறார்கள் சிலர், புற்றுநோய் என்கிறார்கள் சிலர். இது தெரிந்தவுடன் ‘மா ஜோலி’யின் மங்கிய பழுப்பைத் துயரத்தின் நிறமாகவும், கரையும் உருவத்தை வரப்போகும் மரணத்தின் நிழலாகவும் படிக்கத் தோன்றும். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் பிக்காசோ வரைந்தவை, பிராக் வரைந்தவை எல்லாமே பழுப்பும் சாம்பலும்தான். வண்ணம் கண்ணை இழுத்துக்கொண்டு போகாமல் அமைப்பு தெரியட்டும் என்பதற்காக இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. நிறத்தை மனநிலையாகப் படிப்பதற்கு முன்னால் அதே மாதத்தில் அதே ஓவியரின் மற்ற படங்கள் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று பார்த்துவிட வேண்டும்.

அந்தப் புன்னகையைப் பற்றியும் ஒரு ஆசை உண்டு. 1911 ஆகஸ்ட் 21 அன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்திலிருந்து மோனாலிசா திருடுபோனது. 1913 டிசம்பர் வரை கிடைக்கவில்லை. லூவ்ரிலிருந்து முன்பே திருடப்பட்ட பண்டைய ஸ்பெயின் பகுதியின் ஐபீரியச் சிற்பங்கள் பிக்காசோவிடம் இருந்ததால் அந்த செப்டம்பரில் அவரையும் விசாரித்தார்கள்; அவர் நண்பர் கவிஞர் அப்போலினேர் சில நாள் சிறையிலேயே இருந்தார். உலகப் புகழ்பெற்ற புன்னகை காணாமல் போயிருந்த மாதங்களில், அந்த விவகாரத்தில் மாட்டி நடுங்கிய ஒருவர், முகம் இல்லாத ஒரு பெண்ணுக்குப் புன்னகை மட்டும் வரைகிறார். கதையாகக் கேட்க அருமையாக இருக்கிறது. நானும் இதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வளைவு புன்னகைதானா என்பதே உறுதியில்லாதபோது அதன்மேல் இன்னொரு மாடி கட்ட முடியாது. சாத்தியம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வாசிப்பு உண்டு. பெண்ணாவது பாட்டாவது, இவை வெறும் சாக்கு; ஓவியம் என்பது தளமும் கோடும் தீற்றலும்தான், வடிவத்தை மட்டும் பாருங்கள் என்பது. நவீனக் கலை பற்றிய எழுத்தில் இந்தக் குரல் நெடுநாள் ஓங்கி ஒலித்தது. இதில் பாதி நியாயம் இருக்கிறது. தளங்களின் ஓட்டத்தை ரசிக்காமல் துப்புகளை மட்டும் பொறுக்குபவர் படத்தைப் பார்க்கவே இல்லை. ஆனால் வெறும் வடிவம்தான் வேண்டும் என்றால் நான்கு விரல்களை எண்ணத்தக்கபடி பிக்காசோ விட்டிருக்க மாட்டார். தெருவில் ஒலித்த பாட்டைக் கேன்வாஸுக்குள் இழுத்திருக்கவும் மாட்டார்.

ஆண்களுக்கு ஒரு சங்கிலி, அவளுக்கு ஒரு பாட்டு

இந்தப் படத்தில் ஒரு பெண் அழிக்கப்பட்டிருக்கிறாள் என்ற விமர்சனத்தைக் கடைசியாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் எனக்கு மிகவும் கனமானது. உடனே சொல்லத்தக்க பதில்: இதே ஓவியர் ஆண்களையும் இப்படித்தான் உடைத்தார். 1910இல் மட்டும் மூன்று உருவப்படங்கள்: ஓவிய வியாபாரிகள் அம்ப்ருவாஸ் வொல்லார், வில்ஹெல்ம் ஊதே, டேனியல்-ஹென்றி கான்வைலர். ஆக இது பெண் என்பதற்காகச் செய்யப்பட்டது இல்லை.

பதில் சரிதான், ஆனால் போதாது. அந்த மூன்று படங்களையும் நெருங்கிப் பார்த்தால் உடைந்த தளங்களுக்கு நடுவே அந்தந்த மனிதருக்கு மட்டுமே உரிய ஏதோ ஒன்று மிச்சமிருக்கிறது. சிக்காகோ கலைக்கூடத்தில் உள்ள கான்வைலர் படத்தில் வகிடெடுத்துப் படியவாரிய தலைமுடி, கைக்கடிகாரம் வராத காலத்துக் கனவான்களின் கடிகாரச் சங்கிலி, மடியில் கோத்த கைகள். மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் உள்ள வொல்லார் படத்தில் அந்தப் பெரிய நெற்றியும் தாழ்ந்த இமைகளும். அவர்களைத் தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது. ‘மா ஜோலி’யில் உள்ள விரலும் முழங்கையும் யாருடையதாகவும் இருக்கலாம். 1910இல் ஃபானி தெல்லியேக்குக் கொடுத்த அதே கருவி வாசிக்கும் பாவனை இங்கே அப்படியே ஏவாவுக்கு வந்திருக்கிறது. ஏவா கித்தார் வாசித்தார் என்பதற்காக இது வரையப்பட்டதாகத் தெரியவில்லை. நரம்புக் கருவியோடு பெண் என்பது ஐரோப்பிய ஓவியத்தில் நூற்றாண்டுகளாக இருந்த ஒரு வகைமாதிரி.

வியாபாரிகளுக்குத் தொழிலும் தோரணையும் தரப்பட்டன, காதலிக்கு ஒரு செல்லப்பெயர். அந்தச் செல்லப்பெயரில் எவ்வளவு அன்பு இருந்தது என்பதைக் கடிதம் காட்டுகிறது, அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஓவியத்திலிருந்து ஏவாவைப் பற்றி ஒரு சேதிகூடத் தெரிந்துகொள்ள முடியாது; பிக்காசோவின் மனநிலை மட்டுமே தெரியும். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் படத்தின் வாசிப்பு நேர்மையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வியாபாரிகள் மூவரையும் அவர்கள் படத்தை வைத்தே தெருவில் அடையாளம் கண்டுவிடலாம். ஏவாவை இந்தப் படத்தை வைத்து யாரும் தெருவில் கண்டுபிடிக்க முடியாது.

அவருடைய பெயரே பல இடங்களில் குழம்பிக்கிடக்கிறது. சில நூல்கள் மார்செல் அம்பேர் என்கின்றன, சில ஏவா என்கின்றன, ஸ்டைன் ஏவ் என்று எழுதுகிறார். பிக்காசோவே 1912 ஜூன் கடிதத்தில் மார்செல் என்றுதான் குறிப்பிடுகிறார். கற்பிப்பவர்கள், எழுதுபவர்கள், சுவரில் விளக்கம் ஒட்டுபவர்கள் எல்லாரும் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது பாட்டையும் செல்லப்பெயரையும் தவறாமல் சொல்கிறார்கள். கூடவே ஏவா கூவெல் என்று அவர் பிறந்த பெயரையும், 1885-1915 என்று அவருடைய ஆண்டுகளையும் சேர்த்து எழுதட்டும். ஓவியம் தர மறுத்ததில் அதையாவது விளக்கக் குறிப்பு தரலாம்.